"நீ வராத"ன்னு 7 வயசு பொண்ணு சொல்லுது, பேரன்டல் ஏலியனேஷன்னு கேஸ் போட்டா கஸ்டடி கிடைக்குமான்னு கேட்ட தம்பிக்கு

பாலக்கோடு பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்ட கேள்வி இது, சுருக்கமா சொல்லிட்டு பதிலுக்கு வரேன். அவருக்கு ஓசூர்ல ஒரு கம்பெனில ஷிப்ட் வேலை. ஒண்ணே கால் வருஷமா மனைவி அரூர் பக்கம் அவங்க அம்மா வீட்ல இருக்காங்க, 7 வயசு பொண்ணும் அவங்களோடதான். கேஸ் நடக்குது, மாசத்துல ரெண்டு சனிக்கிழமை கோர்ட் வளாகத்துல வச்சு 2 மணி நேரம் பொண்ணைப் பாக்கலாம்னு ஆர்டர் இருக்கு. ஆனா ஒரு தடவை காய்ச்சல்ங்கிறாங்க, ஒரு தடவை ஊர்ல திருவிழாங்கிறாங்க, நாலு தடவை கூட்டிட்டே வரல. போன தடவை வந்தப்போ பொண்ணு அம்மா முந்தானைக்குப் பின்னாடி ஒளிஞ்சுகிட்டு "நீ கெட்டவன், எங்கம்மாவ ஏமாத்துன, இனிமே வராத"ன்னு சொல்லிருக்கு. வீட்டுக்குப் போற வழி பூரா அழுதுட்டே பைக் ஓட்டிட்டுப் போனேன்னு எழுதிருக்காரு. கூட வேலை பாக்குற ஒருத்தர், இது பேரன்டல் ஏலியனேஷன், அதாவது பெத்தவங்கள்ல ஒருத்தர் குழந்தை மனசை மாத்தி இன்னொருத்தர்கிட்ட இருந்து பிரிச்சு விடுறது, அப்படின்னு மனு போட்டா குழந்தையை உங்க கைல குடுத்துருவாங்கன்னு சொன்னாராம். கோவத்துல 3 மாசமா பொண்ணுக்குக் கட்ட வேண்டிய ஜீவனாம்சத்தையும் நிறுத்திட்டேன், சரிதானேன்னு கேட்டிருக்காரு.

தம்பி, முதல்ல கடைசி விஷயத்துக்கு பதில், ஏன்னா அதுதான் அவசரம். பணத்தை நிறுத்தினது தப்பு. குழந்தையைக் காட்டலைன்னா பணம் கட்ட மாட்டேன், பணம் கட்டலைன்னா குழந்தையைக் காட்ட மாட்டேன்னு ரெண்டு பக்கமும் சொல்றதை நான் வாரா வாரம் கேக்குறேன், ரெண்டுமே சட்டத்துல நிக்காது. ஜீவனாம்சம் உங்க மனைவிக்கு நீங்க குடுக்குற சலுகை இல்ல, அது அந்தக் குழந்தையோட சோறும் ஸ்கூல் பீஸும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல பிரிவு 125ன்னு சொல்லுவாங்களே, 2024 ஜூலை 1க்கு அப்புறம் அது புது சட்டத்துல பிரிவு 144 ஆயிருச்சு, நம்பர்தான் மாறிருக்கு, கட்டாம விட்ட ஒவ்வொரு மாசத்துக்கும் ஒரு மாசம் வரைக்கும் ஜெயில் போட வழி இருக்குறது அப்படியேதான் இருக்கு. அதை விடுங்க, பொண்ணு மேல பாசம் இருக்குன்னு நீங்க மனுல எழுதுவீங்க, எதிர்தரப்பு வக்கீல் எந்திரிச்சு மூணு மாசம் பால் காசு கூட குடுக்கலைங்க ஐயான்னு ஒரு வரிதான் சொல்லுவாரு, அதுக்கு மேல உங்க பேச்சு எடுபடாது.

இப்போ பெரிய கேள்விக்கு வரேன். நான் 20 வருஷமா தர்மபுரி கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் குடும்ப கேஸ் நடத்துறேன், பாதி கேஸ்ல அம்மா பக்கம் நின்னுருக்கேன் பாதில அப்பா பக்கம். குழந்தையை ஒரு பெத்தவங்க மேல இருந்து இன்னொருத்தரு பிரிச்சு விடுறது நிஜமாவே நடக்குது, கண்ணால பாத்திருக்கேன். அதே மாதிரி தன் மேல இருக்குற தப்பை மறைக்க அந்த வார்த்தையை கேடயமா தூக்கிட்டு வந்த ஆளுங்களையும் பாத்திருக்கேன். உங்க கேஸ் இதுல எதுன்னு "வராத"ங்கிற ஒரு வார்த்தையை மட்டும் வச்சு எனக்கும் தெரியாது ஜட்ஜுக்கும் தெரியாது. அந்த வார்த்தை எங்கிருந்து வந்துச்சுன்னு தேடித்தான் ஆகணும், அந்தத் தேடல்தான் இந்தக் கேஸே.

ஒரு தடவை பாத்ததை சொல்றேன், ஆளு அடையாளம் தெரியாத மாதிரி மாத்தித்தான் சொல்றேன். கோர்ட் வளாகத்துல புங்க மரத்தடில சிமெண்ட் பெஞ்ச் ஒண்ணு, அப்பா அங்க உக்காந்துட்டு பையனுக்காக காத்துட்டு இருக்காரு. 6 வயசு இருக்கும், ஸ்கூல் யூனிபார்ம்லயே வந்துச்சு. அப்பா ஒரு எவர்சில்வர் டப்பால அவங்க ஆயா செஞ்ச அதிரசம் கொண்டு வந்திருந்தாரு. டப்பாவைத் திறந்ததும் பையன் கை நீட்டுச்சு, பாதில நிறுத்திட்டு திரும்பி அம்மாவைப் பாத்துச்சு. அம்மா இருபது அடி தள்ளி நிக்கிறாங்க, ஒண்ணும் சொல்லல, மூஞ்சியை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாங்க. பையன் கையை இழுத்துக்கிச்சு. "எனக்கு வேணாம், எனக்கு அதிரசம் புடிக்காது"ன்னு சொல்லிச்சு. அப்பா டப்பாவை மூடல, பெஞ்சு மேலயே வச்சுட்டு ஸ்கூல்ல என்ன சொல்லிக் குடுத்தாங்கன்னு கேட்டுட்டு இருந்தாரு. கொஞ்ச நேரத்துல அம்மா போன் பேச அந்தப் பக்கம் போனாங்க பாருங்க, பையன் ரெண்டு அதிரசத்தை அப்படியே வாய்ல திணிச்சுக்கிச்சு, மெல்லக்கூட முடியல, கண்ணு மட்டும் அம்மா போன திசையில இருக்கு. வாயைத் தொடைச்சுட்டு "அம்மாகிட்ட சொல்லாத"ன்னுச்சு.

அந்த அம்மா கெட்டவங்க இல்ல. அடி வாங்கல, ஆனா ஏமாத்தப்பட்டிருக்காங்க, நகையெல்லாம் போச்சு, கோவம் இருக்கத்தான் செய்யும். அவங்க பையன்கிட்ட அப்பாவைப் பத்தி ஒரு வார்த்தை தப்பா சொன்னதே இல்லைன்னு என்கிட்ட சத்தியம் பண்ணாங்க, நான் நம்புறேன். ஆனா குழந்தைக்கு வார்த்தை தேவையில்லையே. நீ போய்ட்டு வா சாமி, அம்மா தனியா உக்காந்து அழுதுட்டு இருப்பேன்னு சொன்னா போதும், திரும்பி வந்ததும் ரெண்டு மணி நேரம் பேசாம இருந்தா போதும். அப்பா மேல ஆசை காட்டினா அம்மா மனசு ஒடையும்னு குழந்தை கணக்குப் போட்டுரும். ஒரு வீட்ல தினமும் தூங்கி எந்திரிக்கிற குழந்தை அந்த வீட்டு மனுஷங்களைப் பகைச்சுக்காது, அதுக்கு வேற போக்கிடம் இல்ல.

அடுத்த கேஸ் அப்படியே தலைகீழ். அங்கயும் அப்பாதான் மனுதாரர், அங்கயும் 8 வயசு பொண்ணு வரமாட்டேங்குது, மனுல முதல் வரியே பேரன்டல் ஏலியனேஷன்னு இருந்துச்சு. நான் அம்மா பக்கம். பொண்ணுகிட்ட தனியா பேசினேன், ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல, படம் வரைஞ்சுட்டே இருந்துச்சு. அப்புறம் அதுவா சொல்லிச்சு, அப்பா வந்தா முதல்ல பைக் ஸ்டாண்டு போடுற சத்தம் கேக்கும், அப்புறம் பெல்ட் கழட்டுற சத்தம் கேக்கும், அந்த ரெண்டு சத்தத்துக்கும் நடுவுல நான் தம்பியைத் தூக்கிட்டு பீரோவுக்குப் பின்னாடி போயிருவேன்னு. எத்தனை தடவை கேட்டாலும் அதே வரிசை, ஆனா ஒவ்வொரு தடவையும் புதுசா ஒரு சின்ன விவரம், தம்பி கைல என்ன இருந்துச்சு, கரண்ட் இருந்துச்சா இல்லையா. இதை யாரும் சொல்லிக் குடுக்க முடியாது. அந்தக் குழந்தையோட பயம் அதோட சொந்தப் பயம். அதை ஏலியனேஷன்னு பேரு வச்சு அந்த ஆளு கூட அனுப்பிருந்தா அது அந்தக் குழந்தைக்கு கோர்ட்டே செஞ்ச துரோகம்.

வித்தியாசம் எப்படித் தெரியும்னா, நான் பாக்குற வரைக்கும் சில அடையாளம் உண்டு. சொல்லிக் குடுத்த வெறுப்புல பெரியவங்க வார்த்தை வரும். 7 வயசு பொண்ணு "ஏமாத்துன"ங்குது, சரி, என்னம்மா ஏமாத்துனாருன்னு கேட்டா அதுக்கு பதில் இருக்காது, இல்லைன்னா "பத்து பவுன்"ங்கும், பவுன்னா என்னன்னு கேட்டா தெரியாது. அப்பா மேல மட்டும் இல்லாம அப்பா வீட்டு ஆயா, அத்தை, முன்னாடி கொஞ்சிக்கிட்டு இருந்த நாய்க்குட்டி வரைக்கும் எல்லாரையும் ஒரே நாள்ல வெறுக்கும். அம்மா நூத்துக்கு நூறு நல்லவங்க, அப்பா நூத்துக்கு நூறு கெட்டவரு, நடுவுல ஒண்ணுமே இருக்காது. நிஜமா அடிபட்ட குழந்தை அப்படி பேசாது, அது அடிச்ச அப்பாவையே "ஆனா எனக்கு பரோட்டா வாங்கித் தருவாரு"ன்னு சேத்து சொல்லும், மனசுக்குள்ள ரெண்டும் கெடந்து அல்லாடும். ஆனா இதை வச்சு வீட்ல உக்காந்துட்டு நீங்களே தீர்ப்பு சொல்லிராதீங்க, இது அனுபவத்துல தோணுறது, அளவுகோல் இல்ல. விதிவிலக்கும் பாத்திருக்கேன்.

இந்த வார்த்தைக்கு ஒரு கதை இருக்கு, தெரிஞ்சுக்கிறது நல்லது. 1985ல அமெரிக்காவுல ரிச்சர்ட் கார்ட்னர்னு ஒரு மனநல மருத்துவர் "பேரன்டல் ஏலியனேஷன் சிண்ட்ரோம்"னு பேரு வச்சாரு, அது ஒரு நோய் மாதிரி. அப்போ இருந்தே சண்டைதான். 2013ல அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் நோய்ப் பட்டியலைப் புதுசாப் போட்டப்போ அதுல இதைச் சேக்கல. உலக சுகாதார நிறுவனம் தன்னோட பட்டியல்ல தேடுசொல்லா மட்டும் வச்சிருந்துட்டு 2020ல அதையும் எடுத்துட்டாங்க. 2023ல பெண்களுக்கு எதிரான வன்முறை பத்திப் பாக்குற ஐநா சிறப்பு அறிக்கையாளர் ரீம் அல்சலேம், அடி வாங்கின அம்மாக்களை வாய் அடைக்கத்தான் நிறைய நாட்டு கோர்ட்டுல இந்த வாதத்தைப் பயன்படுத்துறாங்க, தடையே பண்ணுங்கன்னு அறிக்கை குடுத்தாங்க. நான் அந்த அளவுக்குப் போகமாட்டேன், அதிரசத்தை ஒளிஞ்சு தின்ன குழந்தையை நான் பாத்திருக்கேன்ல. ஆனா நோய்ங்கிற வார்த்தையை விட்டுருங்க, நடத்தைன்னு பேசுங்க, யாரு என்ன செஞ்சாங்க எந்தத் தேதில செஞ்சாங்கன்னு பேசுங்க.

நம்ம சுப்ரீம் கோர்ட்டும் இப்போ அங்கதான் வந்து நிக்குது. 2017ல ஒரு கேஸு, ரொம்ப சின்ன வயசுலயே அம்மாகிட்ட இருந்து பிரிஞ்சு அப்பாகிட்ட வளந்த பொண்ணு, எனக்கு அப்பாதான் வேணும்னு சொல்லுது. கோர்ட் இந்த ஏலியனேஷன் விஷயத்தைப் பத்தி விரிவாவே பேசிச்சு, யாரும் ஜெயிக்க முடியாத ஒரு விசுவாசப் போட்டிக்கு நடுவுல குழந்தையை நிறுத்துறாங்க, அதுக்கு நிஜம் எது பொய் எதுன்னே தெரியாம போயிருதுன்னு, அப்படிப் பேசி அந்தப் பொண்ணை அம்மாகிட்ட குடுத்துச்சு. கவனிங்க, அங்க குழந்தையைப் பிரிச்சு வச்சிருந்தது அப்பா பக்கம். அம்மாங்கதான் இதைச் செய்வாங்கன்னு நினைக்கிறது தப்பு, யாரு கைல குழந்தை இருக்கோ அவங்க செய்றாங்க.

அப்புறம் 2024 மே மாசம் இன்னொரு தீர்ப்பு. ராணுவத்துல இருக்குற அப்பா, ரெண்டு பிள்ளைங்களும் அவரோட இருக்கத்தான் விருப்பம்னு சொன்னாங்க, அம்மா அது சொல்லிக் குடுத்ததுன்னு வாதாடினாங்க. சுப்ரீம் கோர்ட் என்ன சொல்லிச்சுன்னா, எடுத்த உடனே ஒருத்தரை குழந்தை மனசைக் கெடுத்தவர்னு முத்திரை குத்தாதீங்க, பிரிச்சு விடுற நடத்தை தனித்தனி சம்பவமா இருக்கான்னு பாருங்கன்னு. அந்தக் கேஸ்ல அப்படி சம்பவம் நிரூபணம் ஆகல, பிள்ளைங்க அப்பாகிட்டயே இருந்தாங்க. நம்ம சென்னை ஹைகோர்ட்டும் 2022ல ஒரு கேஸ்ல குழந்தையை இப்படிப் பிரிக்கிறது மனிதத்தன்மை இல்லாத செயல்னு கடுமையாவே சொல்லிருக்கு. அதனால வார்த்தை கோர்ட்டுக்குப் புதுசு இல்ல தம்பி, ஆதாரம் இல்லாத வார்த்தைதான் எடுபடாது.

உங்க நண்பர் சொன்ன மாதிரி "ஏலியனேஷன் கேஸ்"னு தனியா ஒண்ணு சட்டத்துல கிடையாது. இருக்குறது 1890ம் வருஷத்து கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டம், எல்லா மதத்துக்கும் அதுதான், அதுல போடுற மனுவைத்தான் ஜிடபிள்யூஓபின்னு வக்கீலுங்க சொல்றது. இந்துக்களுக்கு 1956ம் வருஷத்து இந்து மைனாரிட்டி அண்ட் கார்டியன்ஷிப் சட்டம் ஒண்ணு கூட இருக்கு. அதுல 6வது பிரிவு அப்பாதான் இயற்கைக் காப்பாளர், அவருக்குப் "பிறகு" அம்மான்னு இருக்கும், 1999ல எழுத்தாளர் கீதா ஹரிஹரன் போட்ட கேஸ்ல, அந்தப் "பிறகு"ங்கிறது அப்பா செத்தப்புறம்னு அர்த்தம் இல்ல, அப்பா பொறுப்பா இல்லாத சூழ்நிலையிலயும் அம்மாதான்னு சுப்ரீம் கோர்ட் விரிச்சு சொல்லிருச்சு. 5 வயசு முடியாத குழந்தை சாதாரணமா அம்மாகிட்டதான். எல்லாத்துக்கும் மேல அதே சட்டத்துல 13வது பிரிவு, குழந்தையோட நலன்தான் முதல், மத்ததெல்லாம் அப்புறம். நீங்க எத்தனை பக்கம் மனு எழுதினாலும் ஜட்ஜு மனசுல ஓடுறது அந்த ஒரு பிரிவுதான். அப்பாவோட உரிமை, அம்மாவோட உரிமைன்னு எழுதுறதை நான் என் ஜூனியர்ஸ்கிட்ட நிறுத்தவே சொல்லிட்டேன், குழந்தைக்கு என்ன கிடைக்கும்னு எழுதுங்கங்கிறேன். 2020ல சுப்ரீம் கோர்ட் அதைத்தான் சொல்லிச்சு, அப்பா அம்மா ரெண்டு பேரோட அன்பும் அருகாமையும் குழந்தையோட அடிப்படை மனித உரிமைன்னு. அதே தீர்ப்புல நேர்ல பாக்குறது மட்டும் இல்ல, போன்லயும் வீடியோ கால்லயும் பேசறதுக்கும் ஏற்பாடு பண்ணணும்னு இருக்கு, அது உங்களுக்கு இப்போ ரொம்ப உதவும்.

குழந்தைகிட்ட ஜட்ஜு கேப்பாங்களான்னா கேப்பாங்க. விவரமா யோசிச்சு சொல்ற வயசுன்னா அதோட விருப்பத்தைக் கணக்குல எடுக்கலாம்னு 1890 சட்டம் 17வது பிரிவுல இருக்கு, இத்தனை வயசுன்னு கோடு போடல. சேம்பருக்குள்ள கூப்பிட்டு தனியாத்தான் பேசுவாங்க. 7 வயசு பொண்ணு சொல்றதை ஜட்ஜு காதுல வாங்குவாங்க, அதையே தீர்ப்பா எழுதமாட்டாங்க. இதுக்காக பொண்ணுக்கு யாரும் ஒத்திகை பாக்காதீங்க, இந்தப் பக்கமும் சரி அந்தப் பக்கமும் சரி. ஒரு குழந்தை சேம்பருக்குள்ள போனதும் ஜட்ஜு பேரு என்னன்னு கேக்குறதுக்கு முன்னாடியே "நான் அப்பாகூட போகமாட்டேன்"னு ஒப்பிச்சிருச்சு, அந்த அம்மா கேஸ் அன்னைக்கே ஆட்டம் கண்டுருச்சு.

இப்போ உங்களால செய்ய முடிஞ்சது. நாலு தடவை கூட்டிட்டு வரலைன்னீங்களே, அந்த நாலு சனிக்கிழமையும் நீங்க வந்தீங்கன்னு எங்கயாவது பதிவு இருக்கா? இல்லைன்னா இனிமே வைங்க. ஒவ்வொரு தடவையும் கோர்ட்ல ஆஜர் ஆனதை எழுதிக் குடுத்து சீல் வாங்குங்க, உங்க வக்கீல் மூலமா அன்னைக்கே மெமோ போடுங்க. வரமுடியலைன்னு அவங்க அனுப்பின வாட்ஸ்அப்பை அழிக்காதீங்க, அதைக் கோர்ட்ல தாக்கல் பண்ண சான்றிதழ் வேணும், பழைய 65பி இப்போ புது சாட்சிய சட்டத்துல 63. ஆனா பொண்ணை அழ வச்சு வீடியோ எடுக்காதீங்க. எத்தனை அப்பாங்க அம்மாங்க அதைக் கொண்டு வந்து பெருமையா காட்டுறாங்க தெரியுமா, குழந்தை அழுவுது, இவங்க கேமராவுக்குப் பின்னாடி இருந்து "யாரு சொல்லிக் குடுத்தா, சொல்லு"ன்னு கேட்டுட்டே இருக்காங்க. அந்த வீடியோல நான் பாக்குறது கேள்வி கேக்குறவங்களைத்தான்.

அதுக்கப்புறம் ஒரு இடைக்கால மனு போடச் சொல்லுங்க, கஸ்டடி கேட்டு இல்ல, பார்வை நேரத்தை மாத்திக் குடுங்கன்னு. இதுல நான் கொஞ்சம் அழுத்தியே சொல்றேன். கோர்ட் வளாகம் குழந்தையைப் பாக்குற இடமே இல்ல. கைவிலங்கோட கைதியைக் கூட்டிட்டுப் போறாங்க, ஒருத்தர் சத்தம் போட்டு அழுவுறாங்க, ரெண்டு சொந்தக்காரக் கும்பல் மொறைச்சுட்டு நிக்குது, அதுக்கு நடுவுல 7 வயசு பொண்ணு அப்பாகிட்ட வந்து கொஞ்சும்னு எப்படி எதிர்பாக்குறது? மனுல இடத்தை மாத்தக் கேளுங்க, அவங்களுக்கும் பயம் இல்லாத பொது இடமா, அரூர்லயே ஒரு பார்க்கோ ரெண்டு குடும்பத்துக்கும் பொதுவான ஒருத்தர் வீடோ. பொண்ணை அலைய விடாதீங்க, நீங்க போங்க. முதல் மாசம் ஒரு மணி நேரம் போதும், வாரத்துல ரெண்டு நாள் சாயந்தரம் பத்து நிமிஷம் வீடியோ கால், ரெண்டு மாசம் கழிச்சு அரை நாள், அப்புறம் ஒரு பகல், மே மாச லீவுல பாதி. இப்படிப் படிப்படியா கேட்டா ஜட்ஜுக்கு குடுக்க மனசு வரும், அவங்க தரப்புக்கும் மறுக்கக் காரணம் கம்மி. ஒரே அடியா கஸ்டடி குடுன்னு போய் நின்னா ரெண்டு வருஷம் வாய்தாலயே போகும். அந்த ரெண்டு வருஷம் உங்க மனைவி ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம், காலமே உங்களை அந்நியமாக்கிரும். 7 வயசுல ரெண்டு வருஷம்னா அதுக்கு ஞாபகம் தெரிஞ்ச வாழ்க்கைல பாதி.

அந்த மனுலயே இன்னொண்ணும் கேளுங்க, குழந்தைகள் மனநலம் தெரிஞ்ச ஒருத்தர் மூணு பேரையும் பாத்து ரிப்போர்ட் தரணும்னு. குடும்ப நீதிமன்றச் சட்டம் 12வது பிரிவுல மருத்துவ, நல நிபுணர்கள் உதவியைக் கோர்ட் வாங்கிக்கலாம். மூணு பேரையும்னு நான் சொல்றதைக் கவனிங்க, உங்களையும் சேத்துத்தான். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரில மனநலப் பிரிவு இருக்கு, ஓசூர் பக்கம் இருக்குறவங்க பெங்களூர் நிம்ஹான்ஸ் போறாங்க, அங்க குழந்தைகளுக்குன்னே தனித் துறை உண்டு. ஆர்டர் வாங்கின பிறகும் கூட்டிட்டு வரலைன்னா நிறைவேற்றக் கோரி மனு இருக்கு, கோர்ட் அவமதிப்பு இருக்கு, ஆனா அதைக் கடைசியா வைங்க. அம்மாவை போலீஸ் கூட்டிட்டுப் போறதைப் பாத்த குழந்தை உங்க மடில வந்து உக்காராது.

ஸ்கூல் வாசல்ல நின்னு தூக்கிட்டு வந்துறலாம்னு ஊர்ல யாராவது யோசனை சொல்லுவாங்க, சொல்லாம இருக்கமாட்டாங்க. கேக்காதீங்க. ஆர்டர் இருக்கும்போது அதை மீறினா ஹைகோர்ட்ல ஆட்கொணர்வு மனு வரும், குழந்தை திரும்ப அங்கயே போகும், உங்க பார்வை நேரமும் போகும். அதே மாதிரி ஓசூர்ல இருந்து பெங்களூர் போறது நமக்கு பக்கத்து ஊர் போற மாதிரி, ஆனா கோர்ட்டுக்கு அது வேற மாநிலம். குழந்தை வழக்கமா எங்க வசிக்குதோ அந்த எல்லை கோர்ட்லதான் காப்பாளர் மனு நடக்கும்னு 1890 சட்டம் 9வது பிரிவு சொல்லுது. நாளைக்கு ரெண்டு பேர்ல யாரு பெங்களூருக்கு வீடு மாறினாலும் கோர்ட்ல சொல்லிட்டு மாறணும், சொல்லாம குழந்தையோட போயிட்டா அதுவே பிரிச்சு விடுற நடத்தைக்கு ஒரு சாட்சி ஆயிரும்.

வக்கீல் பீஸ் கட்ட கஷ்டம்னா மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு கோர்ட் வளாகத்துலயே இருக்கு, 15100க்கு போன் பண்ணலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பாக்காம இலவச வக்கீல் உண்டு, ஆண்களுக்கு வருமான வரம்பு இருக்கு. மீடியேஷனும், அதாவது சமரசப் பேச்சும், அங்கயே, உங்க கேஸ்ல இன்னொரு தடவை மீடியேஷன் கேளுங்க, குழந்தையைப் பாக்குற ஏற்பாட்டுக்கு மட்டும். மனைவியோட சேந்து வாழறதா வேணாமாங்கிறதை அந்த மேசைல எடுக்காதீங்க.

இதைப் படிக்கிற அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. வீட்ல அடி இருந்துச்சுன்னா, குழந்தை மேல தப்பான கை பட்டுச்சுன்னு சந்தேகம் இருந்துச்சுன்னா, ஏலியனேஷன்னு சொல்லிருவாங்களோன்னு பயந்து வாயை மூடாதீங்க. குழந்தைகள் ஹெல்ப்லைன் 1098க்கு சொல்லுங்க, மகளிர் ஸ்டேஷன்ல சொல்லுங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க. 2005 குடும்ப வன்முறைச் சட்டம் 21வது பிரிவுல தற்காலிக கஸ்டடியும் கேக்கலாம், அந்த ஆளு பாக்குறது குழந்தைக்கு ஆபத்துன்னா மாஜிஸ்ட்ரேட் பாக்குறதையே மறுக்கலாம். ஆனா கேஸ்ல கை ஓங்கணும்னு யாரோ சொல்லிக் குடுத்து பொய்யா போக்சோ, அதான் குழந்தைகள் மேல நடக்குற பாலியல் குற்றத்துக்கான சட்டம், அதுல புகார் எழுதிக் குடுக்காதீங்கம்மா. பொய்ப் புகாருக்கு போக்சோ சட்டம் 22வது பிரிவுல தண்டனை இருக்கு, அதை விடப் பெருசு, அந்தப் பொய்யை உங்க குழந்தை வாயாலதான் திரும்பத் திரும்ப சொல்ல வைப்பாங்க, போலீஸ்கிட்ட, டாக்டர்கிட்ட, மாஜிஸ்ட்ரேட்கிட்ட. தனக்கு நடக்காத ஒண்ணை நடந்துச்சுன்னு நம்பிக்கிட்டே வளர்ற பொண்ணை நான் பாத்திருக்கேன், இப்போ அவளுக்கு 19 வயசு, யாரு தொட்டாலும் உதறுறா.

தம்பி, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும், கோவிச்சுக்காதீங்க. பொண்ணு முன்னாடி நீங்க கத்தினது உண்டா, மனைவியை அவங்க அப்பன் ஆத்தாவை சேத்து திட்டினது உண்டா? நீங்க எழுதினதுல அது பத்தி ஒண்ணும் இல்ல. இருந்துச்சுன்னா பொண்ணுகிட்ட ஒரு தடவை சொல்லுங்க, அப்பா அன்னைக்கு சத்தம் போட்டது தப்புப்பா, நீ பயந்திருப்ப, இனிமே போடமாட்டேன்னு. அதுக்கு மேல விளக்கம் வேணாம், "ஆனா உங்கம்மாதான்"னு ஆரம்பிக்கவே கூடாது. கேஸ் பத்தியோ பணம் பத்தியோ எதையும் பொண்ணுகிட்ட சொல்லி அனுப்பாதீங்க, அது தபால்காரர் இல்ல. "நீ கெட்டவன்"னு திரும்பவும் சொன்னா மறுத்து வாதாடாதீங்க, உங்கம்மா பொய் சொல்றாங்கன்னு சொல்லவே சொல்லாதீங்க. நீ கோவமா இருக்கன்னு தெரியுது, நான் ரெண்டு வாரம் கழிச்சு திரும்ப வருவேன்னு சொல்லிட்டு, சொன்ன தேதில போய் நில்லுங்க. ஷிப்ட் மாத்த முடியலைன்னு ஒரு சனிக்கிழமை விட்டுராதீங்க.

பெரிய பொம்மை வாங்கிட்டுப் போகாதீங்க, அதை அந்த வீட்டுக்குள்ள கொண்டு போறதே பொண்ணுக்கு ஒரு சண்டை. பொண்ணு பால் குடுத்து வளத்த ஆட்டுக்குட்டி இன்னும் நம்ம வீட்லதான் இருக்குன்னு எழுதிருந்தீங்கல்ல, அது இப்போ எவ்ளோ உயரம் ஆயிருக்கு, எந்தச் செடியைத் தின்னுச்சுன்னு போன்ல நாலு போட்டோ எடுத்துட்டுப் போங்க. பொண்ணு தூரத்துலயே நின்னாலும் பரவால்ல, பெஞ்சுல உக்காந்துட்டு போட்டோவைத் திருப்பி வைங்க, அதுவா வந்து எட்டிப் பாக்கட்டும். அதுக்கு முன்னாடி திங்கக்கிழமை காலைல பேங்க் போய் 3 மாசப் பாக்கியை மொத்தமா கட்டிட்டு, அந்த ரசீதையும் உங்க ஆர்டர் காப்பியையும் வக்கீல்கிட்ட குடுத்து, இடம் மாத்தறதுக்கும் வீடியோ காலுக்கும் மனுவை இந்த வாய்தாவுக்குள்ளயே போடச் சொல்லுங்க.